உலைச் சுவர்க் கணக்கும் ஒன்பது இஞ்சும்

பிசிக்ஸ் கணக்கு சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவருக்கு இரண்டு விரோதிகள்: புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் விடை ஒன்று, அதை முதலிலேயே பார்த்துவிட்டு வந்து உட்காரும் மாணவன் இன்னொன்று. டுடோரியல் காலேஜ்களில் தொண்டை கிழியக் கத்தி வயிறு வளர்த்த சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வாய்த்தவர்கள் மூன்றாவது ரகம். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, விடை தப்பு என்பார்கள்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. நான் செவ்வாப்பேட்டைக்காரி. சென்னையில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் அக்கா வீட்டில் வந்து இருந்தேன். கல்யாணம் ஆகும்வரை சும்மா இரு என்று எல்லாரும் சொன்னார்கள். சும்மா இருப்பது மட்டும் எனக்கு எந்த வயதிலும் வரவில்லை.

பலகையில் ஒரு பெயர்

பஜாரில் சிமெண்டு கடைக்கு மேலே மூன்று அறைகள். அதுதான் டுடோரியல். நடத்தியவரை ஊரே நைனா என்று கூப்பிட்டது. சந்தோஷம் வந்தால் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் தெலுங்கு. அவருடைய பிசிக்ஸ் மாஸ்டர் நெல்லூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நைனா என்னை இங்கிலீஷ் எடுக்கச் சொன்னார். பிசிக்ஸுக்கு ஆம்பளை வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். நான் படித்தது பிசிக்ஸ், இங்கிலீஷ் எனக்கே யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை என்றேன். கொஞ்ச நாள் ஆள் தேடிப் பார்த்துவிட்டு, ஒருவரும் அகப்படாமல், அரை மனதாகச் சரி என்றார்.

பலகை எழுத பெயின்டர் வந்தார். கணக்குக்கு நேரே ஒருவர் பெயர், தமிழுக்கு நேரே ஒருவர் பெயர், பிசிக்ஸுக்கு நேரே வெறும் 'பி.எஸ்ஸி.' மட்டும். என் பெயர் எங்கே என்று கேட்டேன். பலகையில் இடம் போதவில்லை என்றார் நைனா. பட்டத்துக்கு இடம் இருக்கிறது, பட்டம் வாங்கியவளுக்கு இடம் இல்லையா என்று கேட்டுவிட்டு ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெயின்டர் மேலே, நான் கீழே. 'குமாரி எஸ். வசந்தா' என்று எழுதாமல் அவர் இறங்க வழியில்லை. நைனா தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "பேரு போட்டா பசங்க வரமாட்டாங்க, போடலன்னா நீ வரமாட்ட. இன்னா பேஜாரும்மா இது, சின்னதா போட்டுக்கோ."

வராத சார்

பிசிக்ஸுக்குப் பசங்கள் வரவில்லை என்பது உண்மைதான். வந்தவர்கள் என்னைவிட மூத்த ஆண்கள், பத்துப் பன்னிரண்டு பேர். பழைய இரும்பை உருக்கும் ஒரு கம்பெனியில் உலைக்கருகே ஹெல்பர்கள். வருஷக்கணக்காக கான்ட்ராக்டரின் ஆட்களாகவே இருந்தவர்கள். அந்தச் சமயம் கம்பெனி ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: எழுத்துப் பரீட்சையில் தேறுகிற ஹெல்பருக்கு நிரந்தர வேலை, தேறாதவர் கான்ட்ராக்டரிடமே இருக்கலாம். பரீட்சையில் வெப்பமும் மின்சாரமும் பி.யு.சி. தரத்தில் கேட்பார்களாம். உலையில் கரி அள்ளுகிறவருக்கு பி.யு.சி. கணக்கு எதற்கு? எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். இவர்கள் தேறாமல் போனால் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பலாம். அதைக் கேட்டதுமே எனக்கு ரத்தம் கொதித்தது. இவர்களைத் தேற வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கூட்டத்துக்குத் தலைவர் தேசப்பன். அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, கம்பெனிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் இவர். அவர் பக்கத்தில் எப்போதும் முனிரத்தினம். பழவேற்காட்டில் மீன் பிடிக்கும் குடும்பம், வலைப் பங்கில் அண்ணனோடு சண்டை போட்டு, இனி உன் படகில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். முதல் ஷிப்ட் முடிந்து, குளித்து, தலை வாரி, பெஞ்சு கொள்ளாமல் உட்கார்ந்தார்கள். நான் சாக்பீஸோடு உள்ளே போனேன். யாரும் அசையவில்லை. தேசப்பன் எனக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மரியாதையாகவே கேட்டார்: "சார் எப்ப வருவாருன்னு சொன்னீங்கன்னா, அதுவரைக்கும் ஒரு டீ குடிச்சிகினு வந்துடுவோம்மா."

யாரும் திறக்காத பெட்டி

முதல் வாரம் வெப்பக் கடத்தல். சூட்டைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, சூத்திரத்தைப் பற்றி நிறைய இருந்தது. பரப்பு அதிகமானால் வெப்பம் அதிகம் போகும், தடிமன் அதிகமானால் குறைவாகப் போகும். இதைப் பத்து முறை எழுத வைத்தேன். பிறகு முனிரத்தினத்துக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஐஸ் பெட்டிக் கணக்கு கொடுத்தேன். மரப் பெட்டி, பலகை மூன்று செண்டிமீட்டர், உள்ளே பனிக்கட்டி, வெளியே முப்பது டிகிரி. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உருகும்? விடை ஐந்நூற்று நாற்பது கிராம்.

முனிரத்தினம் ஒரு கிலோவுக்கு மேல் என்று எழுதியிருந்தார். எங்கே தப்பு என்று தேடினேன். பெருக்கல் சரி, வகுத்தல் சரி, விடையும் ஐந்நூற்று நாற்பதுதான் வந்திருக்கிறது. அதைத்தான் இரண்டால் பெருக்கியிருக்கிறார். ஏன் என்றதற்கு, மீன் பெட்டியை மணிக்கு எத்தனை தடவை திறப்பார்கள் தெரியுமா என்றார். கணக்கில் பெட்டியை யாரும் திறப்பதில்லை, மூடியது மூடியபடியே இருக்கும் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தொறக்காத பெட்டிலேர்ந்து மீன எப்படி டீச்சர் விக்கிறது?"

பேப்பரில் நாலு

இது முனிரத்தினத்தோடு போகவில்லை. மின்சாரத்துக்கு வந்தோம். 230 வோல்ட் லைனில் 920 வாட் ஹீட்டர், எவ்வளவு கரண்ட் இழுக்கும்? நாலு ஆம்பியர். வகுக்கத் தெரிந்தவருக்கு அரை நிமிஷ வேலை. எல்லாரும் அழகாக வகுத்து, நாலு என்று கண்டுபிடித்து, அதற்குக் கீழே 'விடை: 5' என்று எழுதிக் கோடு போட்டிருந்தார்கள். ஒருவர் விடாமல். எனக்கு வந்த கோபத்தில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. தேசப்பன் நிதானமாக விளக்கினார். நாலு ஆம்பியருக்கு ஃபியூஸ் எந்தக் கடையிலும் கிடையாது, அஞ்சுதான் உண்டு.

அப்போதுதான் அவர்கள் வழக்கம் எனக்குப் புரிந்தது. கயிறோ போல்ட்டோ ஒயரோ, கணக்கு எது சொன்னாலும் கையில் எடுப்பது அதற்கு அடுத்த பெரிய சைஸ். ஒரு முறை பளு தூக்க, கணக்கு சொன்ன அதே அளவில் வாங்கிய கயிறு அறுந்து, கூட வேலை செய்தவர் ஒருவருக்குக் கால் போயிருக்கிறது. அதிலிருந்து யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே இந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டது. காலுக்கு நான் வருத்தப்பட்டேன், விடைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. கேள்வி கேட்பது ஹீட்டர் இழுக்கும் கரண்டை, கடையில் தொங்கும் சரக்கை இல்லை, வந்ததை எழுதுங்கள் என்று மேஜையைத் தட்டினேன். நாலு, நாலு, நாலு என்று பக்கம் பக்கமாக எழுத வைத்தேன். தேசப்பன் கடைசியில் இறங்கி வந்தார்: "சரி டீச்சர். பேப்பர்ல நாலு. மாட்டும்போது அஞ்சு."

இரண்டு கான்ட்ராக்டர்கள்

மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்க்கும் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு மோட்சம் நிச்சயம். ஆறு ஓம், மூன்று ஓம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் மொத்தம் இரண்டு ஓம். ஆறும் மூன்றும் சேர்ந்து எப்படி இரண்டாகும் என்று கூட்டமே எழுந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் சொன்னேன், ரயில்வே கேட் சொன்னேன், பஸ்ஸில் இரண்டு வாசல் சொன்னேன். தலையை ஆட்டினார்கள், ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. நான் களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, தேசப்பன் தாமாகவே மெதுவாகச் சொன்னார்: "நம்ம கேட்ல ஒரு கான்ட்ராக்டர் இருந்தப்ப ஒரு கூலி, இன்னொருத்தன் கம்மி ரேட்டுக்கு ஆள் தரேன்னு போட்டிக்கு வந்தப்புறம் கூலி முன்ன இருந்ததவிடக் கொறைஞ்சி பூட்ச்சி. அத சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும் டீச்சர்."

சிமெண்டு கடை வழியாக வந்த சேதி

வகுப்பு நடக்கிற விஷயம் கம்பெனியில் ஆள் எடுக்கும் பர்சனல் ஆபீசர் காதுக்குப் போயிற்று. அவர் நேரில் வரவில்லை. எங்களுக்குக் கீழே இருந்த சிமெண்டு கடைக்காரர் அந்தக் கம்பெனிக்கு சிமெண்டு சப்ளை செய்பவர், எங்கள் அறைகளுக்குச் சொந்தக்காரரும் அவர்தான். அவர் மாடிக்கு வந்து, மாலை வகுப்பு சத்தமாக இருக்கிறது, கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமே என்றார். காலையில் பையன்கள் போடும் கூச்சல் அவர் காதில் இதுவரை விழுந்ததில்லை.

நைனா என் முகத்தைப் பார்த்தார். நான் கரும்பலகையைச் சுவரிலிருந்து கழற்ற ஆரம்பித்தேன். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு எடுக்கிறேன், போகிற வருகிறவர்களும் கற்றுக்கொள்ளட்டும், ஏன் அங்கே வந்தேன் என்று கேட்பவர்களுக்கெல்லாம் காரணத்தையும் சொல்கிறேன் என்றேன். கடைக்காரர் இறங்கிப் போனார். நைனா ஓடி வந்து பலகையின் மறு முனையைப் பிடித்தார். "பிளாட்பாரத்துல பாடம் எடுத்தா டிக்கெட் கேப்பாங்கம்மா. இங்கயே எடு, அந்தாள நான் பாத்துக்கறேன்."

ஒன்பது இஞ்ச்

பரீட்சை நடந்தது. வெளியே வந்தவர்கள் முகமெல்லாம் சிரிப்பு. ஆம்பியரெல்லாம் வந்தபடியே எழுதினோம் டீச்சர் என்றார்கள். நான் அக்கா வீட்டில் பாயசம் வைக்கச் சொல்லிவிட்டேன். பாயசம் ஆறுவதற்குள் சேதி வந்தது: எல்லாரும் காப்பி அடித்திருக்கிறார்கள், பரீட்சை செல்லாது.

என் பெயர் போட்ட பலகை ஊரறிய இருக்கிறது, என் மாணவர்கள் காப்பியா என்று நேரே பர்சனல் ஆபீசரின் அறைக்குப் போனேன். கேட்டில் தடுத்த வாட்ச்மேனுக்கு என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை, அவர் ஒதுங்கினார். ஆபீசர் பட்டணத்துக்காரர், அதிராமல் பேசுகிறவர். விடைத்தாள்களைத் தள்ளினார். கேள்வி இதுதான். உலையின் உள்பக்கம் 860 டிகிரி, வெளிப்பக்கம் 60. ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே வினாடிக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் வெளியே போகக் கூடாது. செங்கல்லின் கடத்தும் திறன் 0.0025. சுவர் குறைந்தது எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்? இருபது செண்டிமீட்டர். எல்லாருமே இருபது கண்டுபிடித்திருந்தார்கள். எல்லாருமே அதற்குக் கீழே 'விடை: 9 இஞ்ச்' என்று எழுதியிருந்தார்கள்.

ஃபியூஸை ஒழித்துவிட்டேன், செங்கல்லை மறந்துபோனேன். உலைச் செங்கல் ஒன்பது இஞ்ச் நீளம், அதாவது கிட்டத்தட்ட இருபத்து மூன்று செண்டிமீட்டர். இருபது செண்டிமீட்டருக்கு அடுத்த சைஸ் அதுதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்: "சரியான விடை பன்னெண்டு பேருக்கு ஒரே மாதிரி வரலாம்மா. தப்பான விடை பன்னெண்டு பேருக்கு ஒரே மாதிரி வந்தா அதுக்கு ஒரு பேர்தான் உண்டு."

ஸ்டோரில் ஒருவர், கேன்டீனில் ஒருவர்

எண்களை மாற்றி, ஒரே நேரத்தில், ஆளுக்கொரு இடத்தில் உட்கார வைத்துக் கொடுங்கள் என்றேன். காப்பியாக இருந்தால் இந்த முறை ஒருவருக்கும் ஒன்றும் வராது, நானே டுடோரியலை விட்டுப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடித்திருந்தது. என்னை ஒரேயடியாக ஒழிக்க அதைவிட நல்ல வழி அவருக்குக் கிடைத்திருக்காது.

அதற்கு முந்தின வகுப்பில் நான் கெஞ்சினேன். மிரட்டினேன் என்றும் சொல்லலாம். எது வருகிறதோ அதை எழுதுங்கள், செண்டிமீட்டரில் எழுதுங்கள், செங்கல் என்ற சொல்லையே மறந்துவிடுங்கள், உங்கள் வேலை அதில் இருக்கிறது. எல்லாரும் பக்தியோடு தலையாட்டினார்கள். மறுநாள் ஸ்டோரில் ஒருவர், கேன்டீனில் ஒருவர், டைம் ஆபீசில் ஒருவர், டிரான்ஸ்பார்மர் அறை வாசலில் முனிரத்தினம் என்று சிதறி உட்கார்ந்து எழுதினார்கள். உள்ளே 960 டிகிரி, வெளியே 60, வினாடிக்கு 750 கலோரி. விடை முப்பது செண்டிமீட்டர். ஆபீசர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தாளில் நிமிர்ந்தார், மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றினார், கடைசித் தாளுக்கு வந்தபோது நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எல்லாத் தாளிலும் முப்பது வந்திருந்தது. எல்லாத் தாளிலும் அதற்குக் கீழே 'விடை: 13½ இஞ்ச்'. அந்தத் தாளை என் பக்கம் நீட்டினார்: "இந்தப் பதிமூணரை கேள்வியில எங்கம்மா இருக்கு? எனக்கு அத மட்டும் சொல்லுங்க."

சுழியம்

தேசப்பனைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். முப்பதுக்கு ஒரு செங்கல் போதாது, ஒன்றரை செங்கல் வைக்க வேண்டும், ஒன்றரை செங்கல் பதிமூன்றரை இஞ்ச், கொத்தனார் அதற்கு நடுவில் உடைக்க மாட்டார். ஆபீசர் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். சரி, காப்பி இல்லை, ஆனால் விடை தப்புதானே என்றார். தப்புதான் என்றேன். குறைந்தபட்சத் தடிமன் கேட்டால் முப்பதுதான் விடை, இந்தக் கணக்குக்குச் சுழியம் போடுங்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் போடுவேன், காப்பி என்ற சொல்லை மட்டும் எடுங்கள். எடுத்தார். பழைய பரீட்சை செல்லும் என்று அன்றே அறிவிப்பு ஒட்டினார்கள், மறுபடி எழுதிய அந்த ஒரு கணக்குக்கு மட்டும் எல்லாருக்கும் சுழியம். தேசப்பன் தேறினார். கிட்டத்தட்ட எல்லாரும் தேறினார்கள். முனிரத்தினத்துக்கு இரண்டு மார்க் குறைந்தது, அடுத்த பரீட்சைவரை அவர் கான்ட்ராக்டரின் ஆள்தான்.

அந்தக் கணக்குக்கு ஐந்து மார்க். பாதி கிடைத்திருந்தால்கூட அவர் உள்ளே. சுழியம் என்று சொன்னது என் வாய். அன்று மாலை வகுப்பில் அவர் தனியாக வந்து, எப்போதும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்கள் யூனிபாரம் அளவு கொடுக்கப் போயிருந்தார்கள். நான் போய் ஆபீசரிடம் பேசுகிறேன், வழிமுறைக்கு மூன்று மார்க்காவது போடச் சொல்கிறேன், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன். உண்மையாகவே விழுந்திருப்பேன். அதுவரை யார் காலிலும் விழுந்ததில்லை. ஏன்தான் அப்படி எழுதினீர்கள், அவ்வளவு சொன்னேனே என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டேன்.

முனிரத்தினம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். முப்பதுன்னுதான் எழுதினேன், அப்புறம் கை நிக்கல என்றார். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தினமும் நிற்பது தாம்தான் என்றார். பிறகு சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஊருக்கு முன்னால சுழியம்னு சொல்லிட்டு இப்ப நீங்களே போய் கெஞ்சறதா? வாணாம் டீச்சர். அடுத்த தபாவும் அதுக்கு நான் அப்படித்தான் எழுதுவேன். மத்த கணக்க நல்லா சொல்லிக் குடுங்க."

ஒரு கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போடப் போகும் மாணவரை மற்ற எல்லாக் கணக்கிலும் முழு மார்க் வாங்க வைப்பதுதான் பிசிக்ஸ் டீச்சர் வேலை என்பதை எனக்கு எந்தக் காலேஜிலும் சொல்லித் தரவில்லை என்றாலும், அடுத்த பரீட்சையில் அவரும் நானும் அதைச் செய்து காட்டினோம்.